வக்கீல் கூலி யார் பணம்?

இந்தியாவிலுள்ள பாங்கிகள் ஆண்டுதோறும் வெளியிடும் வரவு செலவு அறிக்கையை நம் நேயர்களில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருப்பார்களோ நாம் அறியோம். நாம் பார்ப்பதுண்டு. கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்குப் பிறர் எழுதிய கணக்கைப் பார்ப்பதில் ஒரு சபலம் உண்டு; அதனோடு கொஞ்சம் ஆங்கிலப் படிப்பும் சேர்ந்துவிட்டால் அந்தச் சபலத்துக்குக் கேள்வி முறை கிடையாது. 1949ம் ஆண்டின் பாங்கி ஒழுங்குமுறைச் சட்டம் மேற்படி அறிக்கைக்கு ஒரு படிவம் வகுத்திருக்கின்றது. அதில் 16வது அட்டவணை நடைமுறைச் செலவுகளுக்கு உரியது. முதலாவது சம்பளம். இரண்டாவது வாடகை, வரி, விளக்குச் செலவு. மூன்றாவது அச்சுக்கூலியும் காகிதமும். இப்படியே இறங்கி வந்தால் ஏழாவதாகத் தணிக்கையாளர் கட்டணமும், ஒன்பதாவதாகத் தபால், தந்தி, டெலிபோன் செலவும் காணப்படும். இவ்விரண்டுக்கும் நடுவில், எட்டாவதாகச் ‘சட்டச் செலவு’ என்று ஒரு வரி. எதிரே ஒரு தொகை. அவ்வளவுதான்.

அந்தத் தொகை எந்தெந்த வழக்குக்குச் செலவாயிற்று, எந்த வக்கீலுக்கு எவ்வளவு போயிற்று, வழக்கு வென்றதா தோற்றதா, கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ள வழி இருந்ததா என்பவற்றுக்கு அந்த வரியில் விடை இல்லை. படிவம் அதைக் கேட்கவும் இல்லை.

எல்லாக் கம்பெனியும் அப்படித்தானே எழுதுகின்றது, இதில் குற்றம் என்ன என்று சிலர் கேட்கலாம். தன் பணத்தைத் தன் வக்கீலுக்குக் கொடுக்கும் தனி முதலாளியை நாம் கேட்கப் போவதில்லை. அவன் வழக்காடியே அழிந்து போனாலும் அது அவன் பாடு. நாம் பேச வந்தது சர்க்காரும் பங்குதாரராக இருக்கின்ற பாங்கிகளைப் பற்றி. சர்க்காருக்கு என்று தனியாக ஒரு பணம் கிடையாது. ஜனங்களின் வரிப்பணந்தான் அங்கே மூலதனமாக உட்கார்ந்திருக்கின்றது. ஆகவே அந்தப் பாங்கியின் வக்கீல் ஒருவர் கோர்ட்டில் எழுந்து நிற்கும்போது அவருடைய கூலியில் நூற்றுக்கு இத்தனை என்று ஜனங்களின் பங்கு இருக்கின்றது. பங்கு கொடுத்தவன் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும் என்றால், நமக்கும் இந்தப் பாங்கிகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ல் காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே சமயத்தில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, கடல் கடந்து உழைத்த தமிழரை நம்பியே அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. அடுத்துப் பினாங்கிலும் கிளை திறந்தது. 1969 ஜூலையில் இந்திய சர்க்கார் அதை நாட்டுடைமை ஆக்கிற்று. பிறகு 2000ல் சிறிது பங்கு பொதுஜனங்களுக்கு விற்கப்பட்டது. 2024ம் ஆண்டு முடிவில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் சர்க்காரிடமே இருந்தது. நம் பாட்டன்மார் ஊருக்கு அனுப்பிய காசு போய்ச் சேர்ந்த இடங்கள் இவை. நம் உறவினர் இன்றும் சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் இடங்கள்.

நிற்க. வழக்குச் செலவு என்ற வரி எவ்வளவு பெரிய மூடி என்பதை நாம் பாங்கியில் கற்கவில்லை. நாம் அங்கத்தினராயிருந்த ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தில் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் அதன் ஆண்டுக் கூட்டத்தில் அச்சிட்ட கணக்கைக் கையில் கொடுத்தார்கள். அதில் சட்டச் செலவு 7,200 வெள்ளி என்றிருந்தது. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், கூட்டங்களில் வாய் திறந்து நாம் பார்த்திராதவர், எழுந்து, “ஐயா, இது எதுக்கான செலவு?” என்று கேட்டார். “கோர்ட்டில் இருக்கிற விஷயம் அண்ணே, இங்கே பேசக்கூடாது” என்றார் காரியதரிசி. கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர் உட்கார்ந்துவிட்டார். நாமும் உட்கார்ந்துதான் இருந்தோம். ஆங்கிலம் படித்திருந்தும் உட்கார்ந்திருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம். மறு வருஷந்தான் விவரம் வெளிவந்தது. சங்கத்தை விட்டு விலகிய ஒருவர் தமது பங்குப் பணம் 640 வெள்ளியைத் திரும்பக் கேட்டிருக்கின்றார். அதைக் கொடுத்துவிட்டால் கணக்கில் வேறு சில பிசகுகளும் வெளிப்படும் என்று பயந்து, கொடுக்காமல் வழக்காடியிருக்கின்றார்கள். 640 வெள்ளியைக் காப்பாற்ற 7,200 வெள்ளி. உண்மையில் காப்பாற்றப்பட்டது அந்த 640 வெள்ளியன்று, இரண்டொருவருடைய மானம். செலவு மட்டும் எல்லோருக்கும் பொது.

தமிழ்நாட்டில் கோயில் தர்மகர்த்தா தன்மீது வந்த வழக்குக்குச் சுவாமி பணத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றோம். பாங்கி என்று வந்துவிட்டால் அதே காரியத்துக்கு மரியாதையான பெயர் வந்துவிடுகின்றது.

இனி இந்தியாவின் ஸ்டேட் பாங்கியைப் பார்ப்போம். 1843ல் ஏற்பட்ட மெட்ராஸ் பாங்கி முதலிய மூன்றும் சேர்ந்து 1921ல் இம்பீரியல் பாங்கியாகி, அது 1955ல் ஸ்டேட் பாங்கியாயிற்று. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் இந்திய சர்க்காருடையவை. கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார் என்பது வெளியே தெரியாதபடி ‘தேர்தல் பத்திரம்’ என்றொரு ஏற்பாடு 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, அப்பத்திரங்களை விற்கும் உரிமை இந்த ஒரு பாங்கிக்கே கொடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள். வாங்கியவர் யார், பெற்ற கட்சி எது என்ற விவரங்களை மார்ச் 6ந் தேதிக்குள் தேர்தல் கமிஷனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஸ்டேட் பாங்கிக்கு உத்தரவாயிற்று.

பாங்கி என்ன செய்தது? கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், மார்ச் 4ந் தேதி, ஜூன் 30 வரை தவணை வேண்டும் என்று கோர்ட்டுக்கு மனுப்போட்டது. 22,217 பத்திரங்கள், வாங்கியவர் விவரம் ஒரு பக்கம், மாற்றியவர் விவரம் இன்னொரு பக்கம், இரண்டையும் பொருத்திப் பார்க்க நாள் வேண்டும் என்று நாட்டின் முன்னணி வக்கீல் ஒருவரை நிறுத்தி வாதாடிற்று. கேட்ட தவணை 116 நாள். அந்த 116 நாளுக்குள் அங்கே பொதுத் தேர்தலே நடந்து முடிந்துவிடும். பொருத்திப் பார்க்கும்படி நாங்கள் சொல்லவே இல்லையே, இருப்பதைக் கொடுங்கள் என்றுதானே சொன்னோம் என்று மார்ச் 11ந் தேதி கோர்ட்டு மனுவைத் தள்ளிற்று. மறுநாள் மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்றது. பாங்கி மறுநாளே கொடுத்தது. 116 நாள் வேலை ஒரே நாளில் முடிந்த அதிசயத்தை நாம் தோட்டத்து ஆபீசில் கண்டதில்லை. நம்மிடம் ஒரு சின்னக் கிராணி இப்படித் தவணை கேட்டுப் பிடிபட்டிருந்தால் மறுநாள் பெரட்டுக்களத்தில் அவர் கதி என்னவாகும் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இத்தோடு விட்டாலும் சரி. ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் அந்த மார்ச் மாதத்திலேயே, 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, இந்த வழக்கில் அந்த வக்கீலுக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று பாங்கியைக் கேட்டார். அது தனிப்பட்டவர் சம்பந்தமான தகவல், சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

ஜனங்கள் ஒரு விவரத்தை அறிந்துகொள்வதைத் தாமதப்படுத்த ஜனங்கள் பெரும்பங்கு வைத்திருக்கும் பாங்கி வக்கீல் வைத்தது. அந்த வக்கீலுக்குக் கொடுத்தது என்னவென்று கேட்டால் அதுவும் ஜனங்களுக்குச் சொல்லக் கூடாததாம். ஒரு பூட்டை வாங்கிப் போட்டுவிட்டு, பூட்டின் விலையைக் கேட்டவனுக்கு, அது பூட்டுக்குள் இருக்கின்றது என்று சொன்னதற்கு ஒப்பாகும் இது.

தனிப்பட்ட தகவல் என்ற சமாதானத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பாங்கித் தலைவரின் சம்பளம் ஆண்டறிக்கையில் அச்சாகின்றது. தணிக்கையாளருக்குக் கொடுத்த கட்டணம் தனி இனமாக அச்சாகின்றது. இந்திய சர்க்கார் தனக்காக வாதாடும் வக்கீல்களின் கட்டண விகிதத்தை உத்தரவாகவே வெளியிட்டு வைத்திருக்கின்றது. இவர்களெல்லாம் தனி மனிதர்களல்லவா? பாங்கியின் வக்கீல் மட்டும் என்ன தனி ஜாதி? அவருடைய குடும்ப விஷயத்தை யாரும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்தது எவ்வளவு என்று கொடுத்தவன் கேட்கின்றான். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ரிசர்வ் பாங்கி இதே மாதிரி நம்பிக்கை, இரகசியம் என்று சொல்லிப் பிற பாங்கிகளின் சோதனை அறிக்கைகளை மறைத்தபோது, உன் கடமை ஜனங்களுக்கா பாங்கிகளுக்கா என்ற பொருள்படக் கண்டித்து, விவரத்தைக் கொடுக்கச் சொல்லிற்று. அதற்குப் பிறகும் பாங்கிகள் பாடம் படித்ததாகக் காணோம். போதாக்குறைக்கு, தனிப்பட்ட தகவலாயினும் பொது நன்மை பெரிதாயின் கொடுக்கலாம் என்று மேற்படி சட்டத்தின் அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம், 2023ல் நிறைவேறிய வேறொரு சட்டத்தால் எடுக்கப்பட்டு, 2025 நவம்பரில் அது நடப்புக்கும் வந்துவிட்டது. பொது நன்மையைப் பற்றிய பொதுவான பிரிவு ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கின்றது. கதவில் இரண்டு சாவித் துவாரம் இருந்தது, ஒன்றை அடைத்துவிட்டார்கள்.

இந்தியா ஏழை நாடு, அங்கே நிர்வாகம் அப்படித்தான் என்று சொல்லி இங்கிலாந்தைப் பார்க்கச் சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. பார்ப்போம். அங்கே இராயல் பாங்கி ஆப் ஸ்காட்லண்டு 2008 ஏப்ரலில், தன் பங்குதாரர்களிடம் பங்கு ஒன்று 200 பென்சு வீதம் 1,200 கோடி பவுன் புதிய மூலதனம் கேட்டு வாங்கிற்று. ஆறு மாதம் ஆவதற்குள் பாங்கி கவிழ்ந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் மொத்தம் 4,550 கோடி பவுன் போட்டுத் தாங்கிப் பிடித்து, நூற்றுக்கு 84 பங்குவரை தன்வசமாக்கிக் கொண்டது. மூலதனம் கேட்டபோது உண்மை நிலைமையை மறைத்து எங்களை ஏமாற்றினார்கள் என்று பழைய பங்குதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர் சாதாரணக் குடும்பத்தினர். பிரதிவாதிகளாகப் பாங்கியோடு அக்காலத்துத் தலைமை நிர்வாகி பிரெட் குட்வின் முதலிய நால்வரும் நின்றார்கள். குற்றமில்லை என்று பாங்கி வருஷக்கணக்காக எதிர்த்து நின்றது. 2016 டிசம்பரில் வாதிகளில் பல பிரிவினரோடு இராஜி செய்துகொண்டது. எஞ்சிய பிரிவினரின் வழக்கு 2017 மே மாதம் விசாரணைக்கு வந்து, குட்வின் கூண்டிலேறிச் சாட்சி சொல்ல வேண்டிய நாள் நெருங்கிய சமயத்தில், பங்குக்கு 82 பென்சு கொடுப்பதாக அதுவும் இராஜியில் முடிந்தது. அவர் கூண்டில் ஏறவே இல்லை. பாங்கி தன் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதற்குள் பாங்கியின் வக்கீல் செலவு மட்டும் 10 கோடி பவுனைத் தாண்டிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்த வழக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. வாதி பிரிட்டிஷ் பிரஜை. தன் பக்கத்து வக்கீல் செலவு அவனைச் சேர்ந்தது. அவனே வரி கொடுப்பவனுமாகையால் பாங்கியின் பெரும்பங்குக்காரன் கூட்டத்திலும் அவன் ஒருவன். எதிர்ப் பக்கத்து வக்கீலுக்கும் அவன் பணந்தான் போயிற்று. தன்னை அடிக்கப் பிரம்பும் தானே வாங்கிக் கொடுத்த பள்ளிப் பிள்ளையின் நிலை அது. பிரம்பின் விலையை அவன் சட்டப்படி கேட்கலாமா என்றால், அதுவும் முடியாது. ஏனெனில் 2000ம் ஆண்டின் பிரிட்டிஷ் தகவல் சுதந்திரச் சட்டம், கம்பெனிகளைப் பொறுத்த மட்டில், முழுவதும் சர்க்காருக்குச் சொந்தமானவற்றையே பொது ஸ்தாபனம் என்று கொள்ளுகின்றது. நூற்றுக்கு நூறு இருந்தால் கேட்கலாம். 84 இருந்தால் கேட்கக் கூடாது. நஷ்டம் வந்தபோது அந்த 84 பெரிதாயிருந்தது. கேள்வி வந்தபோது மிச்சம் 16 பெரிதாகிவிட்டது. 2025 மே 30ந் தேதி சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறிற்று. போட்ட பணத்தில் ஏறக்குறைய 1,050 கோடி பவுன் திரும்பி வரவில்லை.

இந்தியாவில் கதவு உண்டு, திறக்க மாட்டேன் என்கின்றார்கள். இங்கிலாந்தில் சுவர்தான்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளில் ஒன்றே ஒன்று கவனிக்கத் தக்கது. வழக்கு நடக்கும்போது செலவைச் சொன்னால் எதிரி நம் பலத்தை எடை போட்டுவிடுவான் என்பது. ஒப்புக்கொள்ளுகின்றோம். வழக்கு நடக்கும்வரை சொல்ல வேண்டாம். முடிந்த பிறகு எந்த எதிரிக்குப் பயம்? வக்கீல் சொன்ன யோசனை இரகசியம் என்பது சரி. அவர் வாங்கிய கூலி எப்படி யோசனையாகும்? மற்றபடி, விவரம் வெளிவந்தால் நல்ல வக்கீல்கள் வரமாட்டார்கள் என்று சொல்லுவதெல்லாம் நல்ல வக்கீல்களை இழிவு படுத்துவதாகும் என்பதோடு விட்டுவிடுகின்றோம்.

பாங்கிகள் வழக்காடவே கூடாது என்பது நமது அபிப்பிராயமன்று. ஸ்டேட் பாங்கி முதலிய 13 நிதி ஸ்தாபனங்கள் சேர்ந்து, கடன் வாங்கிக் கொடாமல் இலண்டனில் போய் உட்கார்ந்த விஜய் மல்லையாவைத் தொடர்ந்து போய் வழக்காடி, 2021 ஜூலையில் அவரைத் திவாலாகியவர் என்று அந்நாட்டுக் கோர்ட்டே அறிவிக்கும்படி செய்தன. இலண்டன் வக்கீல்களின் கூலி குறைவாயிருந்திராது. ஆயினும் அது ஜனங்களின் கடனை வசூலிக்கச் செய்த செலவு. இத்தனை செலவு செய்தோம், இத்தனை கைக்கு வந்தது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டால் யார் வேண்டாமென்பார்? நாமே கைதட்டுவோம். ஆனால் கடனை வசூலிக்கப் போட்ட வழக்குக்கும், ஒரு விவரத்தை நான்கு மாதம் மறைக்கப் போட்ட மனுவுக்கும், அதிகாரி ஒருவர் தம் தவறு வெளிப்படாமலிருக்க மேல் கோர்ட்டு வரை இழுத்த வழக்குக்கும், எளிய வாடிக்கைக்காரன் ஒருவனைக் களைத்து விழச் செய்யும் வழக்குக்கும் போன பணமெல்லாம், தணிக்கைக் கட்டணத்துக்கும் தபால் செலவுக்கும் நடுவே அந்த ஒரே வரியில் கலந்து கிடக்கின்றது. எது நெல், எது பதர் என்று புடைத்துப் பார்க்க முறம் இல்லை. வழக்காடலாம் என்று முடிவு செய்கின்றவர் யாரோ அவர் கையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. வழக்கு நீண்டால் அவருக்கு நாள் கிடைக்கின்றது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றும் போய்விடலாம். மொத்தத் தொகை ஒன்றையே பார்க்கும் பங்குதாரன் இதை எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பான்?

நம் வீட்டுக்கும் வருவோம். மாதம் பிறந்தால் நாம் செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் நூற்றுக்கு 11 பிடித்து, தோட்டத்தின் பங்கையும் சேர்த்து, ஊழியர் சேமநிதிக்கு அனுப்புகின்றோம். அந்தச் சேமநிதி இந்நாட்டுப் பெரிய பாங்கிகளில் பங்கு வைத்திருக்கின்றது, ஆர்.எச்.பி. பாங்கியின் மிகப் பெரிய பங்குதாரரே அதுதான். மே பாங்கியில் சர்க்காரின் முதலீட்டு நிறுவனம் நிர்வகிக்கும் யூனிட் டிரஸ்டுகளின் பணம் பெரும்பங்கு. சிங்கப்பூரில் டி.பி.எஸ். பாங்கியில் தெமாசிக்கின் பணம். இப்பாங்கிகளின்மீது நாம் குற்றம் எதுவும் சுமத்தவில்லை. ஆனால் குலை வெட்டும் அந்தத் தொழிலாளி, தனக்குத் தெரியாமலே, ஒரு பாங்கிக்கு முதலாளியாயிருக்கின்றார். அவருடைய பாங்கி யார்மீது வழக்காடுகின்றது, அதற்கு அவர் பணத்தில் எவ்வளவு போகின்றது என்று அவர் கேட்க ஓர் இடம் வேண்டும். சிலாங்கூரும் பினாங்கும் தத்தம் அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் செய்து வைத்திருக்கின்றன; அவை மாநில இலாகாக்களோடு நின்றுவிடுவன, பாங்கி வாசல்வரை வாரா.

நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமன்று. முடிந்த வழக்குகளுக்கு ஆண்டறிக்கையில் ஒரு பட்டியல்: எதிர்க்கட்சி யார், தகராறான தொகை எவ்வளவு, வக்கீல்களுக்குக் கொடுத்தது எவ்வளவு, முடிவு என்ன. பாங்கியின் அதிகாரிகளோ டைரக்டர்களோ தம் சொந்த நடத்தையைப் பற்றிய வழக்கில் பாங்கிப் பணத்தை எடுத்திருந்தால் அது தனிப் பட்டியலாக இருக்க வேண்டும். தோற்ற வழக்கை மேலே கொண்டுபோகும்போது அதற்குச் சம்மதித்த டைரக்டர்களின் பெயரும் காரணமும் எழுதப்பட வேண்டும். தோட்டத்தில் ஒரு மண்வெட்டி உடைந்தால் இத்தனை விவரத்துக்கும் நமக்குப் படிவம் இருக்கின்றது.

இந்தியத் தகவல் சட்டத்தின்படி கேட்கும் உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உண்டு, நமக்கில்லை. ஆகையால் தஞ்சாவூர்ப் பக்கத்திலுள்ள நம் சிற்றப்பா மகனுக்கு எழுதி, அவர் தாம் கணக்கு வைத்திருக்கும் ஓர் அரசுடைமைப் பாங்கிக்கு மனுப்போடும்படி சொன்னோம். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். சென்ற மூன்று வருஷங்களில் முடிந்த வழக்குகள், கொடுத்த கூலி, முடிவு என்ற மூன்றே கேள்விகள். “பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்துகொண்டு என்னைக் கோர்ட்டுப் படி ஏற விடப் போகிறார்” என்று அவர் வீட்டில் சொன்னாராம், ஆனாலும் போட்டுவிட்டார். பதில் கொடுக்கச் சட்டம் வகுத்த கெடு முப்பது நாள். இன்றோடு பத்தொன்பது ஆகின்றது.